ஏழாம் கணக்கு

முத்தையன்கட்டு இடதுகரையில்
ஏழரைக்குப் போன மின்சாரம் எட்டேகாலுக்கு வந்தது.
அதற்குள் ஒன்பது வினாத்தாள் திருத்திவிட்டேன்
கைபேசி வெளிச்சத்தில்.
தரம் நான்கு, இருபத்தாறு பிள்ளைகள்.
வலயத்திலிருந்து வந்த தாள் வேண்டாமென்று
நானே எழுதிய பத்துக் கணக்கு.
வலயத்தாரின் கணக்கில் எப்போதும் யாரோ ஒருவர்
அப்பிள் வாங்குகிறார், மூன்றைத் தம்பிக்குக் கொடுக்கிறார்.
எங்கள் கடைக்கு அப்பிள் ஒவ்வொன்றாகத்தான் வரும்,
காய்ச்சல்காரருக்கு.

மூன்றாவது, கச்சான்.
சரைக்கு முப்பது, ஏழு சரையில் எத்தனை?
இருநூற்றுப் பத்து. எல்லோருக்கும் சரி.
ஒரு தாளில் மட்டும் விடைக்குக் கீழே
எறும்பளவு எழுத்தில்:
'சொத்தை கழிக்கேல்லை.'

ஐந்தாவது, வேலி.
சதுரக் காணி, பக்கம் பத்து மீற்றர்,
இரண்டு மீற்றருக்கு ஒரு கட்டை.
இருபத்துநாலு, இருபத்துநாலு, இருபத்துநாலு.
பக்கத்துக்கு ஆறு, நாலாறு இருபத்துநாலு.
வாய்ப்பாடு பிழைக்கவில்லை, காணிதான் பிழைத்தது.
கபிலாசன் மட்டும் கட்டைக்கு ஒரு புள்ளியாகக் குத்திப்போய்
மூலையில் நின்றிருக்கிறான்.
'மூலைக்கட்டை ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான்.'
இருபது.
சரி போட்ட பிறகுதான் பார்த்தேன்,
அந்த இருபதையும் வெட்டி
இருபத்தொன்று ஆக்கியிருக்கிறான்.
'கேற்றுக்கு ஒண்டு.'
சிவப்புப் பேனை அதிலேயே கொஞ்சநேரம் நின்றது.
புள்ளி குறைக்கவில்லை.

ஏழாம் கணக்கை எழுதும்போது
நான் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை.
உழவு இயந்திரப் பெட்டியில் பன்னிரண்டு பேர் ஏறலாம்.
வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஐம்பது பேர் போகவேண்டும்.
எத்தனை நடை?

நாலு பேர் பெருக்கிவிட்டார்கள். அறுநூறு நடை.
ஏற்றி முடிய அடுத்த பொங்கலும் வந்துவிடும்.
டிறெக்சன்: 'இ.போ.ச. பஸ் ஒண்டு காணும்.'
மிதுசிகா: 'நாலு. ரெண்டு பேர் மட்காட்டில.'
பக்கத்தில் படமும் இருக்கிறது.
இரண்டு தலை, ஒன்றில் றிபன்,
சில்லு மட்டும் தாளை விட்டு வெளியே உருள்கிறது.
அதற்கு எத்தனை புள்ளி என்று
எனக்கு இன்னும் தெரியாது.

பதினொரு பேர்: 'நாலு, மீதி இரண்டு.'

நானும் அப்படித்தான் படித்தேன்.
மீதி என்று எழுதி இரட்டைக் கோடு கீறினால்
கணக்கு முடிந்தது.
அந்த இரண்டு பேரும்
கோட்டுக்குக் கீழே பையோடு நிற்பார்கள்.
எங்கள் வீட்டில் இதைக் கதைப்பதில்லை.
ஒரு தை மாதம், ஒரு பெட்டி, நான் உள்ளே.
எட்டு வயது.
எண்ணத் தெரிந்த வயது.

ஐந்து என்று எட்டுப் பேர். சரி, சரி.
கடைசித் தாளுக்கு முதல் தாள் பெனிற்றாவுடையது.
அவளும் ஐந்துதான், ஆனால் வகுக்கவே இல்லை.
ஐந்து பெட்டி கீறி
ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து என்று எழுதியிருக்கிறாள்.
பன்னிரண்டு எங்கே, பிள்ளை கணக்கை வாசிக்கவில்லையோ என்று
பிழை போடப் போனேன்.
'கடைசி நடையில ரெண்டு பேர் மட்டும் எண்டா
அவைக்குப் பயம். அதால எல்லாத்திலயும் பத்து.'

வெளியே யாரோ யானைவெடி கொளுத்தினார்கள்.
நாய்கள் ஓய நேரமெடுத்தது.
நான் பன்னிரண்டு, பன்னிரண்டாக
எத்தனை வருடம் ஏற்றியிருக்கிறேன்.

கட்டிய தாள்களை அவிழ்த்து
அந்தப் பதினொன்றையும் தேடி எடுத்தேன்.
மீதி இரண்டுக்குப் பக்கத்தில்
பிழையும் இல்லை, சரியும் இல்லை,
ஒரே வரி, பதினொரு தரம்:
'அவை என்னெண்டு வருவினம்?'

பத்தாம் கணக்கு இன்னும் கிடக்கிறது.
அது பால் கணக்கு.
அதில் நான் எழுதிய மாடு
ஒவ்வொரு நாளும் ஒரே அளவு கறக்கிறது.
அதற்கும் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள்.